நண்பர்களோடு படமும் கேமுமாக ஒரு வார இறுதி: வியாழன் இரவிலிருந்து ஞாயிறு மாலை வரை

எங்கள் வீடு தர்மபுரியில். பள்ளிக்கூடச் சேர்மானம் ஆறு பேர். இரண்டு பேருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, ஒருவன் பெங்களூரு, ஒருவன் சேலம், ஒருவன் பாலக்கோட்டில் தக்காளி மண்டி பார்க்கிறான், உள்ளூரில் நான். சில மாதங்களுக்கு ஒரு முறை சனிக்கிழமை எங்கள் வீட்டில் கூடி ஞாயிறு மாலை கலைவோம். நான்கு நாள் லீவு எடுத்து ஊர் சுற்ற எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. இந்த ஒன்றரை நாள்தான் எங்களுக்கு.

முதல் இரண்டு மூன்று தடவை அதில் பாதி நேரம் வீணாகப் போனது. ஓசூரிலிருந்து பஸ் பிடித்து வந்தவன் சோபாவில் உட்கார்ந்து டவுன்லோடு சதவீதம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தம்பி முறையில் உள்ள பையன்கள் இதே மாதிரி நடத்திப் பார்த்தபோதும் அதே இடங்களில்தான் தடுக்கினார்கள். அதனால் வரிசையாக எழுதுகிறேன். மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: காத்திருக்க வைக்கிற வேலை எதுவும் முதல் ஆள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது மிச்சம் இருக்கக் கூடாது.

1. தேதி குறிக்கும் முன் மின்தடை அறிவிப்பைப் பாருங்கள்

எல்லோரும் முதலில் பார்ப்பது யாருக்கு லீவு கிடைக்கும் என்பதை. அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. துணை மின் நிலையம் வாரியாக, ஊர்ப் பெயர்களோடு நாளிதழில் வரும். காலை 9 மணிக்கு மின்சாரம் போனால் மதியம் 2 மணிக்கோ மாலை 5 மணிக்கோதான் வரும். சனிக்கிழமையிலும் வைப்பார்கள். இன்வெர்ட்டரை நம்பி எட்டு மணி நேரம் ஓட்ட முடியாது.

அறிவிப்பு பெரும்பாலும் ஓரிரு நாள் முன்புதான் வரும் என்பதால், உங்கள் பகுதிக்குக் கடைசியாக எந்தத் தேதியில் மின்சாரம் நிறுத்தினார்கள் என்று வீட்டில் கேட்டு வையுங்கள். அதே தேதியை ஒட்டி வருகிற சனிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆடிப்பெருக்கு வார இறுதியும் வேண்டாம். ஒகேனக்கல் போகிற கூட்டத்தில் பஸ்ஸில் ஏறி வருவதே பெரிய பாடு.

2. வீட்டில் சொல்லி, ஒரு அறையைக் கேட்டு வாங்குங்கள்

இதைப் பலர் வெள்ளிக்கிழமை இரவு சொல்கிறார்கள். வீட்டில் டிவி ஒன்றுதான் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை மதியம் அது யாருக்கு என்பது முன்பே பேசி முடிந்திருக்க வேண்டும். எங்கள் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, இரவு சீரியல் விட்டுப்போகக் கூடாது. அந்த நேரத்துக்குத்தான் நாங்கள் சாப்பாட்டையே வைக்கிறோம். அவருக்கும் சங்கடம் இல்லை, எங்களுக்கும் கண் ஓய்கிறது.

எத்தனை பேர், எத்தனை வேளைச் சாப்பாடு, எத்தனை பேர் இரவு தங்குவார்கள் என்று எண்ணிக்கையாகச் சொல்லுங்கள். ‘பசங்க கொஞ்சம் பேர் வராங்கம்மா’ என்று சொன்னால் அம்மா அரிசி அளக்க முடியாது.

3. வியாழன் இரவு: இன்வெர்ட்டரைச் சோதித்துப் பாருங்கள்

கேம் கன்சோல், டிவி எல்லாவற்றையும் முறையாக அணைத்துவிட்டு, வீட்டின் மெயின் சுவிட்சை இறக்குங்கள். எது எரிகிறது, எது அணைகிறது என்று பாருங்கள். பல வீடுகளில் லைட்டும் ஃபேனும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும், டிவி பிளக் இருக்காது. இது சனிக்கிழமை தெரிய வந்தால் எலக்ட்ரீஷியனைத் தேட வேண்டும். வியாழனே தெரிந்தால் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியில் முடிந்துவிடும்.

அடுத்தது கணக்கு. 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி என்றால் பெருக்கினால் 1800 வாட்-மணி. அதில் ஏறக்குறைய 60 சதவீதம், 1000 சொச்சம்தான் நிம்மதியாகக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 43 இன்ச் டிவிக்கு 100 வாட், பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) கன்சோலுக்கு 100 வாட், இரண்டு ஃபேனுக்கு 150 வாட், இணைய மோடத்துக்கு 10 வாட். மொத்தம் 360. மூன்று மணி நேரம் தாங்கும். பிஎஸ்5 என்றால் 200 வாட் வரை இழுக்கும், நேரம் அதற்கேற்பக் குறையும். பேட்டரி பழையதாக இருந்தால் இதையும் நம்பாதீர்கள்.

இன்வெர்ட்டரில் யுபிஎஸ் என்றும் ஈகோ என்றும் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். யுபிஎஸ் பக்கம் தள்ளி வையுங்கள். கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாறுவதற்கு ஆகும் நேரம் அதில் குறைவு, அதனால் கன்சோல் அணையாது. ஈகோவில் இருந்தால் லைட் ஒரு சிமிட்டு சிமிட்டும், கன்சோல் அணைந்து மறுபடி முதலிலிருந்து எழும்பும். பிஎஸ்4 அப்படி அணைந்தால் அடுத்த முறை ஹார்ட் டிஸ்கைச் சரிபார்க்க ஆரம்பிக்கும். சேமித்த ஆட்டம் கெட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு.

4. வெள்ளிக்கு முன்பே கேமை இறக்கி, ஒரு முறை திறந்து பாருங்கள்

புதிதாக நடத்துகிறவர்கள் அதிகம் தடுக்குவது இங்கேதான். டிஸ்க் கையில் இருக்கிறது, போட்டால் ஓடும் என்று நினைப்பார்கள். பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டிலும் டிஸ்கில் உள்ளது ஹார்ட் டிஸ்குக்கு ஏறிய பிறகுதான் ஆட்டம். அதன் மேல் அப்டேட் வேறு கேட்கும்.

50 எம்பிபிஎஸ் இணைப்பில் 100 ஜிபி இறங்க, குறையே இல்லாமல் வந்தாலும் நாலரை மணி நேரம் ஆகும். பிஎஸ்4-இல் அப்டேட் இறங்கி முடிந்ததும் ‘காப்பியிங்’ என்று இன்னொரு பட்டை ஓடும். அதற்குக் கிட்டத்தட்ட அந்தக் கேமின் அளவுக்குக் காலி இடமும் வேண்டும். இடம் இல்லையென்றால் பாதியில் நின்று எதையாவது அழிக்கச் சொல்லும். அவசரத்தில் அழித்தால் நண்பன் ஆசையாகக் கேட்ட கேம்தான் போகும்.

இறங்கியதோடு விட்டுவிடாதீர்கள். கேமைத் திறந்து, மெயின் மெனு தாண்டி, ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள். சில கேம்கள் முதல் முறை திறக்கும்போது ஒப்பந்தம், மொழி, பயிற்சி ஆட்டம் என்று இருபது நிமிடம் இழுக்கும். அந்த இருபது நிமிடத்தை நீங்கள் தனியாகக் கடந்துவிடுங்கள்.

நண்பனின் கணக்கில் வாங்கிய கேம் என்றால் உள்ளே நுழைய அவன் போனுக்கு ஒரு குறியீடு வரும். ஒரு தடவை அந்த எண் எங்கள் நண்பனின் அக்கா பெயரில் இருந்தது, அவர் கல்யாண வீட்டில் இருந்தார். குறியீடு வந்து சேர ஒன்றே கால் மணி நேரம். வெள்ளி இரவே நுழைந்து வைத்துவிட வேண்டும்.

5. கன்ட்ரோலர்: எண்ணுங்கள், சார்ஜ் ஏற்றுங்கள், பெயர் ஒட்டுங்கள்

ஆறு பேருக்கு நான்கு கன்ட்ரோலர் வேண்டும். வீட்டில் இரண்டு இருக்கும். மீதி இரண்டை யார் கொண்டுவருகிறார்கள் என்று பெயரோடு பேசிக்கொள்ளுங்கள். பொதுவாகக் கேட்டு வைத்தால் எல்லோரும் இன்னொருவன் கொண்டுவருவான் என்று வெறுங்கையோடு வருவார்கள்.

வெளியிலிருந்து வந்த பிஎஸ்4 கன்ட்ரோலரைச் சேர்க்க, அதை யுஎஸ்பி கேபிளில் கன்சோலில் செருகி நடுவில் உள்ள பிஎஸ் பட்டனை அழுத்த வேண்டும். எளிய வேலை. ஆனால் எங்கள் வீட்டில் அரை மணி நேரம் சேரவே இல்லை. விளக்கு ஆரஞ்சாக எரிகிறது, சார்ஜ் ஏறுகிறது, கன்சோலுக்கு மட்டும் தெரியவில்லை. கன்ட்ரோலர் கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டோம். கடைசியில் பாலக்கோட்டுக்காரன் தன் பழைய போன் கேபிளைப் பையிலிருந்து எடுத்துச் செருகினான், உடனே நீல விளக்கு வந்தது. முதலில் செருகியது ஏதோ டார்ச் லைட்டோடு வந்த கேபிள். அதில் மின்சாரம் மட்டும்தான் போகும், தகவல் போகாது. தகவலும் போகிற கேபிள் ஒன்றைத் தனியாக எடுத்து, அதில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன். பிஎஸ்4-க்கு மைக்ரோ யுஎஸ்பி, பிஎஸ்5-க்கு டைப்-சி. இரண்டும் பெட்டியில் இருக்கட்டும்.

பிஎஸ்4 கன்ட்ரோலரை பிஎஸ்5-இல் சேர்க்கலாம், ஆனால் அதை வைத்து பிஎஸ்4 கேம்கள்தான் ஆட முடியும். பிஎஸ்5-க்கென்று வந்த கேமுக்கு அது வேலை செய்யாது.

ஒவ்வொரு கன்ட்ரோலரின் பின்னாலும் ஒரு துண்டு டேப் ஒட்டிப் பெயர் எழுதுங்கள். எல்லாம் ஒரே கருப்பு. ஞாயிறு மாலை பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் மாறிப் போனால், திரும்பக் கைக்கு வர அடுத்த கூடல் வரை காத்திருக்க வேண்டும்.

6. டிவியும் ஒலியும்

கேம் ஆடும்போது டிவி அமைப்பில் கேம் மோடைப் போடுங்கள். படத்தை மெருகேற்ற டிவி செய்கிற வேலைகளை அது நிறுத்திவிடும், அதனால் பட்டன் அழுத்தியதும் திரையில் அசைவு தாமதிக்காமல் வரும். சண்டைக் கேமில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். படம் பார்க்கும்போது மறக்காமல் பழைய நிலைக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் நிறம் வெளிறித் தெரியும்.

ப்ளூடூத் ஸ்பீக்கரை நான் கேமுக்குச் சேர்ப்பதில்லை. சத்தம் கொஞ்சம் பிந்தி வரும். படத்திலும் வாயசைவு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் போகும். அதே ஸ்பீக்கரில் ஆக்ஸ் ஓட்டை இருந்தால் ஒரு கேபிள் வாங்கி நேரடியாகச் செருகுங்கள், தாமதம் போய்விடும்.

32 இன்ச் டிவியில் திரையை நான்காகப் பிரித்தால் ஒருவர் பங்கு ஒரு லேப்டாப் திரை அளவுதான். ஏழடி தள்ளி உட்கார்ந்து எழுத்தைப் படிக்க முடியாது. டிவி சிறியதென்றால், எல்லோரும் ஒரே காட்சியைப் பார்த்து ஆடுகிற கேமாக எடுங்கள். கால்பந்து அப்படி. நான்கு பேர் சேர்ந்து சமைக்கிற ‘ஓவர்குக்ட்’ அப்படி.

7. படத்தை வெள்ளிக்குள் முடிவு செய்யுங்கள், டேட்டாவைக் கணக்கிடுங்கள்

ஆறு பேர் உட்கார்ந்த பிறகு ரிமோட்டை வைத்துத் தேட ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் போகும், கடைசியில் யாருக்கும் பிடிக்காததில் வந்து நிற்கும். எங்கள் வழக்கம் இது: ஆளுக்கு இரண்டு பெயர் வியாழனுக்குள் சொல்ல வேண்டும். வெள்ளி காலை ஒவ்வொருவரும் ஒன்றை வேண்டாம் என்று அடிக்கலாம், காரணம் கேட்கக் கூடாது. மிஞ்சியதில் இரண்டு படம். சனிக்கிழமை இரவுக்கு நீளமானது, ஞாயிறு மதியத்துக்குக் குட்டையானது.

மொழியையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓசூர்ப் பக்கத்து நண்பனுக்கு வீட்டில் தெலுங்கு, அவன் கூட்டிவரும் ஆபீஸ் நண்பருக்குக் கன்னடம். எந்த ஒலியில், எந்த சப்டைட்டிலோடு பார்த்தால் எல்லோருக்கும் புரியும் என்று முன்பே தேடி வைத்தால், முதல் பத்து நிமிடம் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டியதில்லை.

ஃபைபர் இணைப்பு இல்லாத வீட்டில் போன் டேட்டாவை நம்புகிறார்கள். நெட்ஃப்ளிக்ஸ் எச்டி தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரை எடுக்கும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு ஏழரை ஜிபி. நாளைக்கு 2 ஜிபி என்கிற பேக் இடைவேளைக்கு முன்பே முடிந்துவிடும். மணிக்கு 1 ஜிபிக்குள் அடங்கும் சாதாரணத் தரத்துக்கு மாற்றி, பாதி பாதியாக இரண்டு போனில் ஓட்டுங்கள்.

போனில் டவுன்லோடு செய்து வைத்து டிவியில் காட்டலாம் என்று நினைப்பதும் ஒரு பொறி. போனிலிருந்து டிவிக்குக் காஸ்ட் செய்யும்போது பெரும்பாலும் டிவியே இணையத்திலிருந்து படத்தை இழுக்கிறது. போனில் சேமித்தது பயன்படாது. கேபிள் போட்டுக் காட்டினாலும் மலிவான அடாப்டரில் வசனம் கேட்கும், திரை கருப்பாக இருக்கும். திருட்டுப் பிரதி எடுக்காமல் இருக்க வைத்த பூட்டு அது. எந்த வழியில் பார்க்கப்போகிறீர்களோ, அதே டிவி, அதே கேபிள், அதே செயலியில் வெள்ளி இரவு ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள்.

8. சனிக்கிழமை: முதலில் கேம், பிறகுதான் படம்

யாரும் ஒரே நேரத்தில் வருவதில்லை. பெங்களூருக்காரனுக்கு அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் எவ்வளவு நேரம் ஆகும் என்று அவனுக்கே தெரியாது. சேலத்திலிருந்து வரும் சில பஸ்கள் ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போகும், ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கிருஷ்ணகிரியில் கூடுகிறவர்களுக்கும் இதே கதைதான். அங்கே ரயிலும் கிடையாது, எல்லாம் பஸ்தான்.

பாதிப் படத்தில் நுழைகிறவனுக்குக் கதை தெரியாது, ‘இவன் யாரு, ஏன் அடிக்கிறான்’ என்று கேட்பான், எல்லோருக்கும் அறுந்துபோகும். கேமில் எந்த நிமிடமும் நுழையலாம். அதனால் ஆள் சேரும் வரை டெக்கன் மாதிரி ஐந்து நிமிடத்தில் முடிகிற சண்டைக் கேம். கை கழுவிவிட்டு வந்தவுடன் ஒரு ஆட்டம் கிடைக்கும்.

கடைசி ஆளும் வந்த பிறகு, மாலை ஏழு மணிவாக்கில் படம். சாப்பிட்ட பிறகு படம் போட்டால் மூன்று பேர் தூங்கிவிடுவார்கள், பலமுறை பார்த்தாயிற்று. இடைவேளையில் சாப்பாடு, மீதிப் படம், அதற்கு மேல் போட்டி. கன்ட்ரோலர் கையில் இருந்தால் நள்ளிரவிலும் தூக்கம் வராது.

9. யார் எவ்வளவு நேரம் ஆடுகிறார்கள் என்று எண்ணுங்கள்

இதைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமாக நினைக்கிறேன். ஜெயித்தவன் தொடர்ந்து ஆடலாம், தோற்றவன் எழுந்துகொள்ள வேண்டும் என்பது எல்லா வீட்டிலும் இருக்கும் வழக்கம். கேட்க நியாயமாக இருக்கும். நடப்பது வேறு. வீட்டில் கன்சோல் வைத்திருப்பவன் உட்கார்ந்தே இருப்பான். எப்போதாவது ஆடுகிறவன் ஐந்து நிமிடம் ஆடித் தோற்று, நாற்பது நிமிடம் போனைப் பார்ப்பான். அடுத்த தடவை கூப்பிட்டால் ‘வேலை இருக்குடா’ என்பான்.

எங்கள் மண்டிக்காரன் அப்படித்தான் இரண்டு தடவை வராமல் இருந்தான். அவன் காரணம் சொல்லவில்லை. மூன்றாவது தடவை நான் கடிகாரத்தைப் பார்த்து எழுதி வைத்தபோது தெரிந்தது: இரண்டு மணி நேரத்தில் அவன் போலவே எப்போதாவது ஆடுகிற சேலத்துக்காரன் கையில் கன்ட்ரோலர் இருந்தது பதினோரு நிமிடம்.

கால்பந்துப் போட்டியைக் கணக்கோடு பாருங்கள். ஆறு பேர் தனித்தனியாக, ஒவ்வொருவரும் மற்ற எல்லோரோடும் ஒரு முறை மோதினால் 15 ஆட்டம். பாதிக்கு நான்கு நிமிடம் வைத்தாலும் மெனுவோடு சேர்த்து ஆட்டத்துக்குப் பத்து நிமிடம். மொத்தம் இரண்டரை மணி நேரம், எப்போதும் நான்கு பேர் சும்மா. ஒருவருக்குக் கிடைப்பது 50 நிமிடம்.

அதையே இரண்டிரண்டு பேராக மூன்று அணி ஆக்குங்கள். ஒவ்வொரு அணியும் மற்றதோடு இரண்டு முறை மோதினால் 6 ஆட்டம், ஒரு மணி நேரம். ஒவ்வொருவரும் அதில் 40 நிமிடம் ஆடுகிறார்கள், ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான் வெளியே.

அணி பிரிக்கும்போது நன்றாக ஆடுகிறவனோடு ஆடத் தெரியாதவனைச் சேருங்கள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து ‘இப்ப பாஸ் குடு, எக்ஸ அழுத்து’ என்று சொல்லிக்கொண்டே இருப்பான். எதிரியாக உட்கார்ந்தால் அதைச் சொல்ல மாட்டான். மண்டிக்காரன் திரும்ப வந்த அன்று நான்தான் அவனோடு சேர்ந்தேன். மூன்றாவது ஆட்டத்தில் அவன் ஒரு கோல் போட்டான். கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் என் முதுகில் அடித்தான்.

வாங்கும் முன் எத்தனை பேர் ஆடலாம் என்று அட்டையில் பாருங்கள். ‘இட் டேக்ஸ் டூ’ அருமையான கேம், ஆனால் இரண்டே பேருக்கு. ஆறு பேர் கூடும் வீட்டில் அதைத் திறக்காதீர்கள்.

10. சாப்பாடு

எண்ணெய் விரலோடு கன்ட்ரோலரைத் தொட்டால் குச்சியின் அடியில் பிசுக்கு சேரும், பட்டன் ஒட்டும். அதனால் ஆடும் நேரத்துக்கு நிப்பட்டு, உப்புக்கடலை மாதிரி உலர்ந்தது. வேகவைத்த வேர்க்கடலை படத்துக்கு நல்லது, உரிக்க நேரம் இருக்கும். மாம்பழப் பருவத்தில் கிருஷ்ணகிரி நண்பர்கள் பையோடு வருவார்கள். அறைக்குள் அனுமதி இல்லை, முற்றத்தில் சாப்பிட்டுவிட்டு சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு வர வேண்டும்.

ஞாயிறு மதியம் பிரியாணி என்றால் சனிக்கிழமையே சொல்லி வையுங்கள். செலவைக் கடைசியில் பிரிக்காமல், வந்தவுடன் ஆளுக்கு ஒரே தொகையாக வாங்கி ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

11. மொட்டை மாடியில் புரொஜெக்டர்

ஆசையாகத்தான் இருக்கும். நன்றாக இருட்டிய பிறகுதான் படம் தெரியும். நூறு இன்ச் படம் விழ, சாதாரண புரொஜெக்டரை ஏறக்குறைய ஒன்பது, பத்தடி தள்ளி வைக்க வேண்டும். மார்கழியில் பனி இறங்கும், கருவியின் மேல் ஈரம் படியும். அந்த மாதத்தில் வேண்டாம்.

இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை ஒலிக் கட்டுப்பாட்டு நேரம். பத்துக்குள் முடிகிற படமாக எடுங்கள். பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் மாடியே வேண்டாம்.

12. ஞாயிறு: எதிலிருந்தெல்லாம் வெளியேற வேண்டும்

காலையில் சேர்ந்து ஆடும் கேம், மதியம் குட்டைப் படம். மூன்று மணிக்கு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மாலை பெங்களூரு பஸ்ஸில் நிற்கவும் இடம் இருக்காது, நான்கு மணிக்குள் பஸ் ஸ்டாண்டில் இருந்தால் உட்கார்ந்து போகலாம்.

நிறுத்தியதும் நண்பர்கள் கண்ணெதிரே கன்சோலிலும் டிவியிலும் அவர்கள் கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள். பிறகு கேபிள்களை எண்ணுங்கள். டேப்பில் பெயர் பார்த்துக் கன்ட்ரோலர்களை அவரவர் பையில் நீங்களே வையுங்கள். ஊருக்குப் போனதும் தங்கள் கன்சோலில் கேபிள் செருகி மறுபடி சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லுங்கள், இல்லையென்றால் திங்கள் இரவு ‘கன்ட்ரோலர் வேலை செய்யல மச்சான்’ என்று போன் வரும்.

கன்சோலை ரெஸ்ட் மோடில் விடாமல் முழுதாக அணைத்து, விளக்கு அணைந்த பிறகு பிளக்கைப் பிடுங்குங்கள். பாயைச் சுருட்டி, டிவியைக் கேம் மோடிலிருந்து மாற்றி, ரிமோட்டை ஆயா உட்காரும் இடத்தில் வைத்துவிடுங்கள்.